சுற்றுலா விசாவும் தங்கல் கெடுவும்: நீட்டிப்பு எழுதிய விதியாக இருக்க வேண்டும்

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவரின் பாஸ்போர்ட்டில் இரண்டு கெடுக்கள் உண்டு. எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் நுழையலாம் என்பது ஒன்று. நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றொன்று. பயணிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் விசா ஸ்டிக்கரையே பாருங்கள். இருபது நாள் பயணத்துக்கு விண்ணப்பித்தவருக்கு, பயணம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் சமாளிக்கட்டும் என்று பதினைந்து நாள் கூட்டி, முப்பத்தைந்து நாள் நீளத்துக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் அச்சிடுவார்கள். தங்கும் நாட்கள் 20 என்பது அதே ஸ்டிக்கரில் தனியே இருக்கும். முடிவுத் தேதியை நம்பி 25ஆம் நாள் கிளம்புகிறவர் ஐந்து நாள் சட்டத்தை மீறியவராகிறார். அமெரிக்க விசாவில் இடைவெளி இன்னும் பெரியது. இந்தியர்களுக்குப் பத்தாண்டுச் சுற்றுலா விசா கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதை இறங்கும் விமான நிலையத்தில் அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்னும் பதிவில் இருக்கிறது, விசாவில் அதைத் தேடிப் பயனில்லை. தாய்லாந்தில் இறங்கிய நாளே முதல் நாள். இரவு பதினொன்றரை மணிக்கு விமானம் தரை தொட்டாலும் அந்த அரைமணி நேரம் ஒரு முழு நாளாகக் கணக்கில் ஏறும்.

இந்தக் கெடுவை நீட்டிக்க முடியுமா, முடியுமென்றால் எங்கே, எவ்வளவு கட்டணத்தில், எத்தனை முறை என்ற கேள்விக்கு நாடுகள் சொல்லும் பதில்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. பிலிப்பைன்ஸ், விசா தேவைப்படாத நாட்டவருக்கு முதலில் 30 நாள் தந்து, பின்னர் தவணை தவணையாக 36 மாதம் வரை நீட்டிக்கிறது. நேபாளம் 15, 30, 90 நாள் விசாக்களை முறையே 30, 50, 125 டாலருக்கு விமான நிலையத்திலேயே தருகிறது. மேற்கொண்டு நாளுக்கு 3 டாலர் கட்டி நீட்டிக்கலாம், ஆனால் ஓராண்டில் 150 நாளுக்கு மேல் கிடையாது. பிரிட்டன் ஆறு மாதத்தோடு கதவைச் சாத்திவிடுகிறது. சிகிச்சை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. இந்தியாவின் 30 நாள் சுற்றுலா மின்-விசாவுக்கு நீட்டிப்பே கிடையாது. இவற்றில் எது தாராளம், எது கறார் என்று தரம் பிரிப்பது எளிது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நீட்டிப்பு எழுதிய விதியாக இருக்கிறதா, அதிகாரியின் மனப்போக்கில் இருக்கிறதா என்பதே அது. நீட்டிப்பு தெளிவான விதியாக உள்ள இடத்தில் பயணியும் அரசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். விதி மங்கலாகவோ இல்லாமலோ போகும் இடத்தில் பயணி எல்லைக்கு ஓடுகிறார், அல்லது கண்மறைவாகத் தங்குகிறார்; இரண்டிலும் தோற்பது அரசுதான். இதற்கு மிக நீண்ட சான்று தாய்லாந்து.

தாய்லாந்தின் நீட்டிப்பு முறை கேட்பதற்கு எளியது. டி.எம்.7 என்ற விண்ணப்பம், நாலுக்கு ஆறு சென்டிமீட்டர் புகைப்படம், பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்துக்கும் கடைசி நுழைவு முத்திரைக்கும் நகல், 1,900 பாத் கட்டணம். பாங்காக்கில் இருப்பவர் சேங் வத்தனா சாலை அலுவலகத்துக்கும், பட்டாயாவில் இருப்பவர் ஜோம்தியன் அலுவலகத்துக்கும் போகிறார். வழக்கமாக அன்றைக்கே 30 நாள் கிடைத்துவிடும். அதுவும் பழைய கெடு முடியும் நாளிலிருந்து எண்ணப்படுவதால் முன்கூட்டியே போனவருக்கு நஷ்டமில்லை. நீட்டிப்பை மறுத்தாலும் ஊருக்குக் கிளம்ப ஏழு நாள் அவகாசம் தருகிறார்கள். ஒரே ஒரு முள் இதில் உண்டு. வெளிநாட்டவர் தங்கும் வீட்டின் உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், 38ஆம் பிரிவு. ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர்கள் செய்துவிடுவார்கள். தனி வீட்டில், வாடகை அறையில் தங்கியவருக்கு வீட்டுக்காரர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால், அந்த அறிவிப்புக்கான டி.எம்.30 சீட்டு எங்கே என்று சில அலுவலகங்களில் பயணியைத் திருப்பி அனுப்புவார்கள். கடமை வீட்டுக்காரருடையது, அலைச்சல் பயணியுடையது. இது சரிசெய்ய வேண்டிய குறை. ஆனாலும் மொத்தத்தில், என்ன கொண்டுபோனால் என்ன கிடைக்கும் என்று ஒரு சாதாரணப் பயணி முன்கூட்டியே சொல்லக்கூடிய ஏற்பாடு இது.

இந்த ஏற்பாடு எப்போதும் இப்படி இருக்கவில்லை. விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதி பெற்றவர்களுக்கு 2014 வரை உள்நாட்டில் கிடைத்தது வெறும் ஏழு நாள் நீட்டிப்பு. அதற்கும் 1,900 பாத். அதே பணத்தில் அரண்யபிரதேட் வரை வேனில் போய், கம்போடியாவின் பொய்பெட்டில் கால் வைத்துவிட்டுத் திரும்பினால் புதிய முத்திரை விழும்போது யார் ஏழு நாளுக்கு வரிசையில் நிற்பார்கள்? ‘விசா ரன்’ என்ற தொழிலே இதில் பிறந்தது. அதிகாலையில் வேன், எல்லையில் இரண்டு வரிசை, மதியச் சாப்பாடு, இரவில் அதே அறைக்குத் திரும்பல். அரசு இதைத் தடுக்கத் தொடர்ந்து முயன்றது. 2006 அக்டோபரில் ஆறு மாதத்துக்கு 90 நாள் என்ற உச்சவரம்பு வந்தது. 2008 நவம்பரில் அதைக் கைவிட்டு, தரைவழியாக நுழைந்தால் 15 நாள்தான் என்று மாற்றினார்கள்; வேன்கள் மாதம் இருமுறை ஓடத் தொடங்கியதுதான் மிச்சம். 2014இல், போய்ப் போய்த் திரும்புகிறவர்களை எல்லையிலும் பின்னர் விமான நிலையத்திலும் மறிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 முதல் உள்நாட்டு நீட்டிப்பை ஏழிலிருந்து முப்பது நாளாக்கினார்கள். 2016 டிசம்பர் 31 முதல், விசா இல்லாமல் தரைவழியே நுழைவது ஆண்டுக்கு இருமுறை என்று எழுத்தில் வந்தது. பத்தாண்டு காலத்தின் இந்த முன்னும் பின்னுமான நகர்வுகளில் இரண்டு முடிவுகள்தாம் நிலைத்தன: உள்ளே இருப்பவருக்குப் பயனுள்ள நீட்டிப்பு, வெளியே போய் வருவதற்கு எண்ணிக்கை சொன்ன வரம்பு. இரண்டும் எழுதிய விதிகள்.

எழுதாமல் விட்ட இடத்தில் தொல்லை இன்றும் தீரவில்லை. விமானம் வழியாக ஆண்டுக்கு எத்தனை முறை வரலாம் என்று தாய்லாந்தின் விதி எதுவும் எண் சொல்லவில்லை. அதனால் நான்காம் முறையோ ஆறாம் முறையோ வருகிறவரை உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும் அந்த நேரத்தில் அந்த மேசையில் இருக்கும் அதிகாரியின் கையில் போய்விடுகிறது. மூன்று மாதம் தங்கி, ஊருக்குப் போய், பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரும், வேலை அனுமதி இல்லாமல் மாதச் சம்பளம் வாங்குகிறவரும் அந்த மேசையில் ஒரே மாதிரி தெரிவார்கள். விதி இருந்தால் முதலாமவர் தன் நாட்களை எண்ணிக்கொண்டு வருவார். இல்லாததால் நல்ல சட்டையும் அச்சடித்த ஓட்டல் ரசீதும் ரொக்கப் பணமுமாக வருகிறார். இத்தனை தயாரிப்பும் அவர் எத்தனை நாள் தங்கினார் என்பதைப் பற்றி அரசுக்கு எதையும் சொல்வதில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. குளிர்கால மாதங்களில் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவரை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாத விசாவில் வந்து, இடையில் இலங்கைக்கோ நேபாளத்துக்கோ போய்த் திரும்புவது அவர்களில் பலருக்கு வழக்கமாக இருந்தது. 2009 அக்டோபரில் டேவிட் ஹெட்லி சிகாகோவில் கைதானபோது, மும்பைத் தாக்குதலுக்கு இடம் பார்க்க அவன் இந்தியாவுக்குள் பலமுறை வந்துபோனது தெரியவந்தது. ஆண்டு முடிவதற்குள் இந்திய அரசு, சுற்றுலா விசாவில் வந்து போகிறவர் அடுத்த முறை நுழைய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைப் போட்டது. இந்தியாவில் தொடங்கி இலங்கைக்கும் நேபாளத்துக்கும் போய் மீண்டும் இந்தியா வழியாகத் திரும்பும் சாதாரணச் சுற்றுப்பயணங்கள் இதில் சிக்கிக்கொண்டன. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆட்சேபித்தன. 2012இல் பெரும்பாலான நாட்டவருக்கு இந்த விதி நீக்கப்பட்டது. ஹெட்லி வந்தது சுற்றுலா விசாவில்கூட இல்லை. அவனிடம் இருந்தது பலமுறை நுழையும் வணிக விசா. அச்சம் நியாயமானது, அடித்த இடம் தவறு. ஒரு மனிதன் எத்தனை முறை எல்லையைத் தாண்டுகிறான் என்பது அவன் என்ன செய்கிறான் என்பதற்கு அடையாளம் ஆகாது. பின்னால் வந்த மின்-விசா விதிகளில் நுழைவுக்குப் பதிலாக நாட்களை எண்ணத் தொடங்கினார்கள்: ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களில் தொடர்ந்து தங்குவது பெரும்பாலான நாட்டவருக்கு 90 நாள், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டவருக்கு 180 நாள் என்றார்கள். நாட்டுக்கு நாடு ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்கலாம். ஆனால் எண்ணுகிற பொருள் சரியானது.

நாட்களை எண்ணுவதில் உலகிலேயே கறாரான ஏற்பாடு ஷெங்கன் பகுதியுடையது. இன்று 29 நாடுகள் சேர்ந்த அந்தப் பரப்பில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. எல்லை தாண்டிப் புதிய முத்திரை வாங்கும் உபாயத்துக்கு இங்கே இடமே இல்லை. வந்த நாளும் போகும் நாளும் சேர்த்தே கணக்கு. 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையையும் முகப்படத்தையும் வைத்து இந்தக் கூட்டலைத் தானே செய்கிறது. எழுதிய விதி வேண்டும் என்று வாதாடுகிற எனக்கு இது உகந்த முறையாகத் தோன்ற வேண்டும். பாதிதான் உகந்தது. வரம்பை இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள், வரம்பைத் தாண்டவேண்டி வரும் மனிதருக்கான வழியை அதே துல்லியத்தோடு எழுதவில்லை. 2009ஆம் ஆண்டின் விசா நெறித்தொகுப்பில் 33ஆம் பிரிவு இருக்கிறது. தவிர்க்க முடியாத தடையோ மனிதாபிமானக் காரணமோ இருந்தால் கட்டணமின்றி நீட்டிக்க வேண்டும். கனமான சொந்தக் காரணம் இருந்தால் 30 யூரோ வாங்கிக்கொண்டு நீட்டிக்கலாம். வாசகம் நல்ல வாசகம்தான். ஆனால் அதை எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு மகளைப் பார்க்க வந்த அம்மா மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் படுத்தால், விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது மகள் எந்தக் கதவைத் தட்டுவது? சட்டப்படி உரிமை உண்டு. கதவின் முகவரிதான் எளிதில் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். கதவு இருக்கிறது, திறக்க மாதங்கள் ஆகின்றன. மகள் பிரசவத்துக்கோ பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ போகும் பெற்றோர் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். ஆறு மாதம் போதாமல் நீட்டிப்புக் கேட்பவர்கள் ஐ-539 விண்ணப்பத்தைக் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். முடிவு வர எடுக்கும் காலத்தில் அவர்கள் கேட்ட கூடுதல் மாதங்களே கழிந்துவிடுவதும் உண்டு. உரிய நேரத்தில் முறையாக விண்ணப்பித்தவருக்கு, அது நிலுவையில் இருக்கும்வரை சட்டவிரோதத் தங்கல் நாட்கள் கூடுவதில்லை. ஆனால் கடைசியில் மறுப்பு வந்தால், பழைய கெடுவுக்குப் பிறகு இருந்தது விசாவையே செல்லாததாக்கிவிடக்கூடும். விண்ணப்பம் போடாமல் ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா ரத்தாகும். 180 நாளுக்கு மேல் தாண்டி வெளியேறியவர் மூன்று ஆண்டும், ஓராண்டைத் தாண்டியவர் பத்தாண்டும் திரும்ப வரமுடியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை இந்தத் தடைகள். இவ்வளவு கடுமைக்குப் பிறகு நிலவரம் என்ன? 2019 நிதியாண்டில் கெடு முடிந்து வெளியேற வேண்டியிருந்த ஏறத்தாழ 5 கோடியே 59 லட்சம் வருகைகளில் கெடு தாண்டியவை சுமார் 6 லட்சத்து 76 ஆயிரம் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கணக்குச் சொன்னது, 1.21 விழுக்காடு. நூற்றில் கிட்டத்தட்ட 99 பேர் சொன்ன தேதியில் போய்விடுகிறார்கள். எஞ்சிய ஒருவரை மனதில் வைத்தே நீட்டிப்பு முறை முழுவதையும் வடிவமைத்தால், அதன் சுமை விழுவது அந்த 99 பேரில் உண்மையாகவே கூடுதல் நாள் தேவைப்படுகிறவர் மேல்தான்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. நீட்டிப்பை எளிதாக்கினால் சுற்றுலாப் பயணி மெல்ல மெல்லக் குடியிருப்பவராக மாறுகிறார், வாடகை ஏறுகிறது, உள்ளூர்க்காரரின் பிழைப்பில் கை வைக்கிறார். இதை வெறும் வெளிநாட்டவர் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. இலங்கையின் தென்கரையில் இது கண்முன் நடந்தது. உக்ரைன் போர் தொடங்கிய 2022க்குப் பிறகு ரஷ்யருக்கும் உக்ரைனியருக்கும் இலங்கை இலவசமாகத் தங்கலை நீட்டித்துக்கொண்டே போனது. சிலர் சுற்றுலா விசாவிலேயே உணவகமும் விடுதியும் நடத்தத் தொடங்கினர். உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு விருந்துக்கு விளம்பரம் வந்தபோது கோபம் வெடித்தது. 2024 பிப்ரவரியில் இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று குடிவரவுத் திணைக்களம் அறிவித்தது; அமைச்சரவை முடிவில்லாமல் அந்த அறிவிப்பு எப்படி வந்தது என்று குடியரசுத் தலைவர் விசாரிக்கச் சொன்னார். தாராளமாக நீட்டித்ததால் வந்த வினை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அந்த நீட்டிப்புகளுக்கு மொத்த உச்சவரம்பு ஒன்று சொல்லப்படவில்லை, முடிவு எப்போது என்றும் யாருக்கும் தெரியவில்லை. அனுமதியில்லாமல் தொழில் நடத்துவது இலங்கைச் சட்டத்தில் முன்பே குற்றம். அதைத் தேடிப் பிடிக்க வேண்டிய இடம் உணவகத்தின் கல்லா. மாதக்கணக்கில் அதைச் செய்யாமல் இருந்துவிட்டு, கடையே நடத்தாத குடும்பங்களையும் சேர்த்து இரண்டு வாரக் கெடுவில் துரத்துவது நிர்வாகம் ஆகாது. நேபாளம் ஆண்டுக்கு 150 நாள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறது. மலையேற வந்தவர் தன் கணக்கை அதற்குள் போட்டுக்கொள்கிறார்.

தாய்லாந்தே இந்த வாதத்துக்குத் தாமதமாகத் தந்த பதில், தேவைக்கேற்ற தனி விசா. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தாய்லாந்திலிருந்தபடி கணினியில் வேலை செய்கிறவர்களை நெடுங்காலம் சுற்றுலாப் பயணிகள் வரிசையிலேயே நிற்க வைத்திருந்தார்கள். 2024 ஜூலையில் அவர்களுக்கென்று ஐந்தாண்டு செல்லும் விசா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கட்டணம் 10,000 பாத், கையிருப்பு 5 லட்சம் பாத் காட்ட வேண்டும், ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள். இப்படி ஒரு வழி திறந்தபின் சுற்றுலாக் கெடுவைக் கறாராக வைத்திருக்க அரசுக்கு அதிக உரிமை உண்டு. அதே மாதம் இந்தியா உள்ளிட்ட 93 நாட்டவருக்கு விசா இல்லாத தங்கலை 60 நாளாக்கியதும், அடுத்த ஆண்டே அதை 30 நாளாகக் குறைக்கும் பேச்சு எழுந்ததும் வேறு கதை. 60 நாள் தந்ததன் நோக்கம் சுற்றுலா வருமானம். குறைக்கக் காரணமாகச் சொன்னது அனுமதியில்லா வேலையும் வாடகை வியாபாரமும். சாதாரண விடுமுறைக்கு வருகிறவருக்கு 60 நாள் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர் கவுன்டருக்கு வந்து கேட்கட்டும், காரணம் சொல்லட்டும், முகவரி தரட்டும். நுழைவில் குறைவாகத் தந்து, உள்ளே தெளிவாக நீட்டிப்பதே நல்ல முறை என்பதால், அந்தக் குறைப்பை நான் எதிர்க்கமாட்டேன்.

ஆள்கடத்தலைச் சுட்டிக்காட்டி எழும் ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தாய்லாந்தில் வேலை என்று நம்பி வந்த இளைஞர்கள் மே சோட் வழியாக மோய் ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022இல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். எளிய சுற்றுலா நுழைவு ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் குற்றத்துக்குத் தேவைப்பட்டது தாய்லாந்தில் சில நாள் மட்டுமே. இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்தது 2023 நவம்பரில், அந்தப் பிள்ளைகள் மாட்டியது அதற்கு முன்னால். நீட்டிப்புக் கவுன்டர் அவர்கள் கதையில் எங்கும் வருவதில்லை. கெடு தாண்டிவிட்டோம், வெளியே வந்தால் சிறை என்ற பயம் மட்டும் வருகிறது. கடத்தியவன் அடைத்து வைத்திருப்பவரிடம் முதலில் சொல்லும் மிரட்டல் அதுதான். கெடு தாண்டியவர் தானாக வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தால் அந்த மிரட்டலின் பலம் பாதி குறையும்.

அந்தத் தெளிவு தாய்லாந்தின் தண்டனை விதிகளில் ஓரளவு இருக்கிறது. கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாத், அதிகபட்சம் 20,000. 2016 மார்ச் 20 முதல், தானாக வந்து வெளியேறுகிறவருக்கு 90 நாள் வரை தடையில்லை. அதைத் தாண்டினால் ஓராண்டு, ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் மூன்றாண்டு எனப் படிப்படியாகப் பத்தாண்டு வரை ஏறுகிறது. பிடிபட்டவருக்கு, ஒரு வாரம் தாண்டியிருந்தாலும் ஐந்தாண்டுத் தடை. தவறியவர் தானே வந்து ஒப்புக்கொள்வதை மலிவாகவும், ஒளிந்திருப்பதை விலை அதிகமாகவும் ஆக்கிய விதி இது. இந்தோனேசியா நாளுக்கு 10 லட்சம் ரூபியா என்று கறாராகப் போட்டிருக்கிறது. 60 நாளைத் தாண்டினால் நாடுகடத்தலும் தடையும். தொகை பெரியதுதான், ஆனால் ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு நாள் விலை என்ற அளவு அதில் இருக்கிறது. விமானம் ரத்தாகி ஒரு நாள் தாண்டியவரின் பத்தாண்டு விசா செல்லாமல் போகும் அமெரிக்க விதியில் அந்த அளவு இல்லை.

நாட்களைக் காசுக்கு விற்பதா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நீட்டிப்புக் கட்டணம் பணக்காரருக்குச் சலுகை என்பது அவர்கள் வாதம். உண்மையில் விசா உலகத்தின் பெரிய ஏற்றத்தாழ்வு கட்டணத்தில் இல்லை, பாஸ்போர்ட்டின் அட்டையில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஐரோப்பா போகிறவர் வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, 30,000 யூரோவுக்குக் காப்பீடு எல்லாம் கொடுத்து, 90 யூரோ கட்டி, கேட்ட நாளைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு திரும்புவதும் உண்டு. ஒரு ஜெர்மானியர் கையை வீசிக்கொண்டு பாங்காக்கில் இறங்குகிறார். அந்தப் பாகுபாடு வாசலில் நிற்கிறது. உள்ளே சேங் வத்தனா கவுன்டரில் ஜெர்மானியருக்கும் தமிழருக்கும் அதே 1,900 பாத், அதே படிவம். மதுரைக்காரருக்கும் மியூனிக்காரருக்கும் ஒரே விதி பொருந்தும் அபூர்வமான இடங்களில் அது ஒன்று. கட்டணத்தை இன்னும் குறைக்கச் சொல்லலாம். எடுத்துவிட்டு அதிகாரியின் நல்லெண்ணத்தை வைக்கச் சொன்னால், முதலில் அடிபடுவது வலுக்குறைந்த பாஸ்போர்ட் வைத்திருப்பவர்தான்.

கடைசியாக, இறையாண்மை. யார் எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதைச் சொல்ல எந்த அரசுக்கும் முழு உரிமை உண்டு. விதியை எழுதிவிட்டால் அதிகாரியின் கை கட்டப்பட்டுவிடும் என்று துறைக்காரர்கள் சொல்வார்கள். சந்தேகத்துக்கு உரிய ஆளை மறுக்கும் அதிகாரத்தை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. நீட்டிப்பு விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். விதி எழுதினால் நாடு கெட்டுவிடாது என்பதற்கு 2020 சாட்சி. கொரோனாவில் விமானங்கள் நின்றபோது தாய்லாந்து, மார்ச் 26க்குப் பிறகு கெடு முடிந்த அத்தனை வெளிநாட்டவருக்கும் விண்ணப்பமோ கட்டணமோ இல்லாமல் முதலில் ஏப்ரல் இறுதிவரை, பிறகு ஜூலை 31 வரை, பிறகு செப்டம்பர் 26 வரை தங்கலை நீட்டித்தது. இந்தியாவும் மாட்டிக்கொண்ட வெளிநாட்டவரின் விசாக்களை இலவசமாக நீட்டித்தது. எல்லைகள் திறந்ததும் பெரும்பாலோர் கிளம்பிப் போனார்கள். ஷெங்கன் நாடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே அறிவித்தன; ஒரு நாட்டின் நீட்டிப்பு பக்கத்து நாட்டில் செல்லுமா என்ற குழப்பத்தோடு பயணிகள் வீடு திரும்பினார்கள்.

இப்போது நாட்களை இயந்திரம் எண்ணுகிறது. ஐரோப்பாவின் புதிய பதிவு முறை 90ஆம் நாள் தாண்டியதும் அந்தப் பெயரைத் தானே பட்டியலில் சேர்த்துவிடும். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களையும் ரத்தான விமானத்தையும் அதே பதிவில் ஏற்ற, 33ஆம் பிரிவு சொல்லும் நீட்டிப்பைக் கேட்க, 29 நாடுகளுக்கும் பொதுவான ஒரே படிவமும் ஒவ்வொரு நகரத்திலும் பெயர் எழுதிய ஒரு கவுன்டரும் வைப்பது கைரேகை எடுக்கும் இயந்திரத்தைவிட மலிவான வேலை.